ஓணான் கரடு, கிலோமீட்டர் 468

பதிவேட்டில் என் பெயர்
கீமேன் பவுன்தாய்.
மேன் எங்கே என்று கேட்டுச் சிரித்தவர்கள்
இப்போது சிரிப்பதில்லை. அலுத்துவிட்டது.

காலை ஆறுக்குச் சோழவந்தானில் கையெழுத்து.
தோளில் சுத்தியல், கையில் ஸ்பானர்,
சுருட்டிய கொடிகள்,
ஆபத்தென்றால் தண்டவாளத்தில் கட்டி வைக்க
பையில் சின்னச் சின்ன டப்பா வெடி.
வலது தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவேன்,
இடதைப் பார்த்துக்கொண்டே திரும்புவேன்.
கொடிக்கால் ஈரம் முடிகிற இடத்தில்
சிறுமலை நீலமாய் எழும். அதற்கு மேல் நிழல் இல்லை.

காலுக்கடியில் முழுக்க ஜல்லி.
ஆற்றுக் கல் இதற்கு ஆகாது,
வழவழத்தது எதையும் பிடிக்காது, உருண்டுவிடும்.
உடைத்த கல்தான் வேண்டும்.
முனையும் மூலையுமாகப்
பக்கத்துக் கல்லின் விலாவில் குத்திக்கொண்டு நிற்கும்,
பங்காளி வீட்டுக் கல்யாணத்தில்
ஒரே பெஞ்சில் மாட்டிக்கொண்டவர்களைப் போல.
அந்த இறுக்கத்தின் மேல்தான்
இருபத்து மூன்று பெட்டி தூங்கிக்கொண்டு போகிறது.

சித்திரையில் தண்டவாளம் நீளப் பார்க்கும்,
இடமில்லாமல் நெளியப் பார்க்கும்.
ஓரத்து ஜல்லி குறைந்தால் நெளிந்தே விடும்.
மாங்காய் அடிக்கப் பையன்கள் எடுத்திருப்பார்கள்,
வேலிக்கு முட்டுக்கொடுக்க யாராவது.
சட்டியில் அள்ளி அள்ளி நிரப்புவேன்.

போன வைகாசியில் புது ஜல்லி கொட்டினார்கள்.
விடிந்து பார்த்தால் பாதை சாம்பல் நீலம், கல்தூள் வாடை.
468/4 கம்பத்தருகே
ஒரு கல்லில் சிவப்பு.
ரத்தமோ என்று குனிந்தேன்.
இந்த வேலையில் முதலில் அப்படித்தான் தோன்றும்.

பெயிண்ட்.
அந்தப் பெயிண்ட்டை எனக்குத் தெரியும்.

ஓணான் கரட்டின் நெற்றியில்
முழ நீள எழுத்தில் எழுதியிருந்தது:
வெடி வைக்கும் நேரம் பகல் 12
யாரும் வராதீர்
எங்கள் ஊருக்கு அதுதான் கடிகாரம்.
சத்தம் கேட்டுச் சோறு வடித்தோம்,
சுவரில் ஓடிய விரிசலுக்குச் சிமெண்ட் பூசினோம்.
கரடு குறையக் குறைய
எங்கள் வீட்டில் சூரியன் பிந்தி மறைந்தது.
கடைசியில் எழுதிய பாறைக்கே வெடி வைத்தார்கள்.
எச்சரிக்கை லாரி ஏறிக் கிரஷருக்குப் போனது.

அன்றிலிருந்து தேடிக்கொண்டே நடக்கிறேன்.
ஒரு கல்லில் வளைவு, ஒன்றில் வெறும் கோடு.
சோற்று டப்பாவில் ஏழு சேர்ந்த அன்று
கேட் நிழலில் பரப்பி வைத்து
எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். கூடவில்லை.
வெடியின் கொம்பா நேரத்தின் காலா, தெரியவில்லை.
ஒன்று மட்டும் முழுசு:
புள்ளி.
யாரும் என்பதன் தலையிலிருந்ததோ,
வராதீர் என்பதன் தலையிலிருந்ததோ.

"என்னம்மா, சோழி உருட்டுறியா?" என்றார்
மேட் சிங்கராசு.
"எண்ணிப் பாக்கறேண்ணே, ரயில்வே சொத்து."

ஆடிக்கொண்டிருந்த ஒரு ஸ்லீப்பருக்கு அடியில்
ஒவ்வொன்றாய்த் திரும்பக் கொடுத்தேன்,
சிவப்பு முகம் கீழே இருக்கும்படி.
டிரைவர் கண்ணில் பட்டு
வண்டியை நிறுத்திவிடுவாரோ என்று ஒரு பயம்.
சிரிக்காதீர்கள்.
புள்ளியை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.
பையில், டப்பா வெடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

பன்னிரண்டுக்கு ஒரு வண்டி தெற்கே போகும்.
முதலில் ஜல்லிக்குத் தெரியும், பிறகு என் செருப்புக்கு,
அப்புறம்தான் சத்தம்.
ஊரில் இந்நேரம் உலை வடிக்க
யாரும் எதையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.
எனக்குத்தான் பழக்கம் போகவில்லை,
காதைப் பொத்தக் கை எழுகிறது.
பச்சைக் கொடி ஒரு கையில் இருப்பதால்
ஒரு காதைத்தான் பொத்த முடிகிறது.